செட்டில் ஆல்கஹால் போட்ட கிரீம் வெயிலில் பிரிந்து போகிறது – இது மெழுகா, சாராயமா?

பாளைக்காரி | மே 9, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர் சேர்ந்து பித்தவெடிப்புக்குக் கிரீம் செய்கிறோம். இதுவரை தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறோம். தேங்காய் எண்ணெய் 30 கிராம், செட்டில் ஆல்கஹால் 8 கிராம், கிளிசரின் 5 கிராம், மீதிக்குத் தண்ணீரும் வீட்டுச் சோற்றுக் கற்றாழைச் சாறும். கெடாமல் இருக்க வைட்டமின் ஈ மாத்திரை இரண்டு. செட்டில் ஆல்கஹாலை விற்ற கடைக்காரர், "இது ஒன்று போதும், எண்ணெயையும் தண்ணீரையும் இதுவே சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்" என்றார்.

மார்கழி, தை மாதங்களில் செய்தது நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் திசையன்விளைக்கு இருபது டப்பா பஸ்ஸில் அனுப்பினோம். அங்கே போய்த் திறந்தால் மேலே எண்ணெய் ஒரு விரல் கனத்துக்கு நிற்கிறது, நடுவில் ரவை மாதிரி வெள்ளைக் குருணை, அடியில் தண்ணீர். குலுக்கினால் சேர்கிறது, சாயங்காலத்துக்குள் மறுபடி பிரிந்துவிடுகிறது. இருபதையும் திருப்பி எடுத்துக்கொண்டோம்.

அது ஒரு பக்கம் என்றால், மேலப்பாளையத்தில் ஒரு அக்கா லேபிளில் 'ஆல்கஹால்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு மாமி, இது திமிங்கலக் கொழுப்பு என்று எங்கோ படித்தேன் என்கிறார். இரண்டு பேருக்கும் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேட்டை மருந்தாளர் | மே 9, இரவு 10:25

தாயி, முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். நாம் சாராயம் என்று சொல்லும் எத்தனாலில் கார்பன் இரண்டு. செட்டில் ஆல்கஹாலில் பதினாறு, அதுவும் ஒரே சங்கிலியாக. இரண்டிலும் நுனியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தலை இருக்கிறது. அந்தத் தலை இருந்தால் வேதியியலில் ஆல்கஹால் என்று பெயர் வைத்துவிடுவார்கள். வால் நீள நீளச் சாராயக் குணம் போய் மெழுகுக் குணம் வந்துவிடும். எத்தனால் 78 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், தோலில் பட்டால் சில்லென்று காய்ந்து போகும். செட்டில் ஆல்கஹால் 49 டிகிரியில்தான் உருகவே தொடங்கும், தண்ணீரில் கரையாது, தோலில் படலமாகத் தங்கிவிடும். இதனால்தான் அமெரிக்காவில் செட்டில், அதைவிட வால் நீண்ட ஸ்டெரில், இரண்டும் கலந்த செட்டோஸ்டெரில் ஆல்கஹால் சேர்ந்த அழகுப் பொருளிலும் 'ஆல்கஹால் இல்லை' என்று அச்சிட அனுமதி உண்டு.

மாமி சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. 1817-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் செவ்ரோல், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையில் இருக்கும் மெழுகைக் காரத்தோடு காய்ச்சித்தான் இதை முதலில் பிரித்தார். செட்டில் என்ற பெயரே திமிங்கலத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தூத்துக்குடி பக்கம் அவ்வப்போது பிடிபடுகிறதே அம்பர்கிரிஸ், அது அதே திமிங்கலத்தின் குடலில் உண்டாவது, இது தலையில் இருந்தது. இப்போது கடையில் விற்கும் செட்டில் ஆல்கஹாலுக்கும் திமிங்கலத்துக்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை. பாமாயில் போன்ற கொழுப்பிலிருந்தோ பெட்ரோலியத்திலிருந்தோதான் செய்கிறார்கள்.

இனி உன் கிரீம். கடைக்காரர் சொன்னது தப்பு. செட்டில் ஆல்கஹால் தனியாக எண்ணெயையும் தண்ணீரையும் கட்டிப் பிடிக்காது. அதன் தலை மிகச் சின்னது, தண்ணீர் பக்கம் இழுக்கிற பலம் அதற்குப் போதாது. எண்ணெயையும் தண்ணீரையும் பிணைக்கும் எமல்சிஃபையர் என்று வேறொன்று இருந்தால் அதற்குத் துணையாக நின்று கிரீமுக்குக் கட்டி கொடுக்கும், வழுவழுப்பு கொடுக்கும். மார்கழிக் குளிரில் உன் எண்ணெயும் மெழுகும் உறைந்து தண்ணீரை உள்ளே சிறைப்பிடித்து வைத்திருந்தன. அதைக் கிரீம் என்று நினைத்துவிட்டாய். எண்ணெயோடு கலந்த மெழுகு தனி மெழுகைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகும். சித்திரை வெயிலில் பஸ் இன்ஜின் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தாலே போதும், பிரிந்துவிடும்.

கற்றாழைச் சாற்றை இன்றைக்கே நிறுத்து. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடுமே தவிர கிருமியைக் கொல்லாது. தண்ணீர் சேர்ந்த எதற்கும் பிரிசர்வேட்டிவ் வேண்டும். வெடித்த காலில் போடுகிற பொருள் இது.

பாளைக்காரி | மே 9, இரவு 10:50

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. மீதியிருந்த டப்பாக்களை இப்போதுதான் திறந்து பார்த்தேன். இரண்டில் மூடியின் உள்பக்கம் கரும்புள்ளி. எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். வாங்கினவர்களுக்கும் காலையில் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.

மேலப்பாளையம் மருமகள் | மே 10, காலை 7:15

அந்த அக்காவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டில் இது போன்ற பொருள் வாங்கும்போது மாமி இரண்டு கேள்வி கேட்பார்கள். போதை தருமா? மிருகக் கொழுப்பில் செய்ததா, அப்படியானால் எந்த மிருகம்? முதல் கேள்விக்கு அண்ணாச்சி பதில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதுக்கு விற்பவர்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் இதைச் செய்ய முடியும் என்று படித்திருக்கிறேன். மூலப்பொருள் தாவரமா மிருகமா என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்குங்கள். கல்லிடைக்குறிச்சி மாமிக்கும் அந்தக் காகிதம்தான் பதில். மார்க்கத் தீர்ப்பை அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வார்கள், நீங்கள் சரியான தகவலைக் கொடுத்தால் போதும்.

ஆலங்குளம் தம்பி | மே 10, காலை 9:05

அக்கா, நான் சோப் ஆயில், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களுக்கும் இதே நீள வால் ஆல்கஹால் குடும்பம்தான் சோறு போடுகிறது. பன்னிரண்டு கார்பன் உள்ள லாரில் ஆல்கஹாலைக் கந்தகம் சேர்த்து மாற்றினால் சோடியம் லாரில் சல்பேட். நடுவில் எத்திலீன் ஆக்சைடு சேர்த்துவிட்டு மாற்றினால் சோடியம் லாரெத் சல்பேட், அதாவது எஸ்.எல்.இ.எஸ். ஷாம்பு, பேஸ்ட், பாத்திர லிக்விட் எல்லாவற்றிலும் நுரை தருவது இவைதான்.

எங்கள் குடோனில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். லாரில் 24 டிகிரியில் உருகும், அதனால் நம் ஊரில் அது கிட்டத்தட்ட எப்போதுமே எண்ணெய்தான். பதினான்கு கார்பன் உள்ள மிரிஸ்டில் 38 டிகிரி. மே மாதம் மதியம் டின்னைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஆடும், மறுநாள் விடியற்காலையில் போய்த் தட்டினால் கல். பதினாறுள்ள செட்டில் செதில் செதிலாகவே மூட்டையில் இருக்கும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைத்தால் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பதினெட்டுள்ள ஸ்டெரில் ஆல்கஹாலை நம் வெயில் ஒன்றும் செய்வதில்லை, அதற்கு 59 வேண்டும். இரண்டிரண்டு கார்பன் கூடக் கூட எப்படி மாறுகிறது என்று அந்தக் குடோனில் நின்றாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, எல்லாம் நம் தேங்காயிலிருந்து வருகிறது என்று சிலர் லேபிளில் போடுகிறார்கள். தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம், அதனால் லாரில் ஆல்கஹால் தேங்காயிலிருந்து வரும் என்றால் சரி. பதினாறு கார்பன் அமிலம் தேங்காயில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பாமாயிலில்தான் அது நூற்றுக்கு 40-க்கு மேல். தாவரச் செட்டில் ஆல்கஹால் என்றால் பெரும்பாலும் பனை எண்ணெய். அது நம் ஊர்ப் பனை இல்லை, மலேசியா, இந்தோனேசியாவில் தோட்டம் போட்டு வளர்க்கும் எண்ணெய்ப் பனை. பொருளில் உள்ளதைத்தான் லேபிளில் எழுத வேண்டும் அக்கா.

சித்தா மாணவி | மே 10, மதியம் 1:30

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பித்தவெடிப்புக்கு நம் வீடுகளில் தேன்மெழுகும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிக் களிம்பு வைப்பது பழைய வழக்கம். அதில் தண்ணீரே இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் எமல்சிஃபையர் வேண்டாம், பிரிசர்வேட்டிவ் பற்றிய கவலையும் பெரிதாக இல்லை. நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு. தனித் தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், எண்ணெயோடு சேர்ந்து கொஞ்சம் முன்னாலேயே இளகினாலும் பிரிந்து நிற்க அதில் தண்ணீர் இல்லை. எதற்காக இவ்வளவு பெயர் தெரியாத பொருள்கள்?

பாளைக்காரி | மே 10, மதியம் 2:10

அதையும் செய்து பார்த்தோம் தங்கச்சி. ராத்திரி போட்டுப் படுக்கிறவர்களுக்கு நல்லது. வயலுக்குப் போகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், தரையில் கால் வைத்து வேலை செய்கிறவர்கள் பிசுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சிமெண்டுத் தரையில் வழுக்குகிறது என்று ஒரு பாட்டி திருப்பியே கொடுத்துவிட்டார்கள். கிரீம் உள்ளே போய்விடும், கால் காய்ந்து தெரியும். அதனால்தான் கிரீம்.

பேட்டை மருந்தாளர் | மே 10, மாலை 6:45

மாணவி சொன்ன களிம்பை ராத்திரிக்கு வைத்துக்கொள், இரண்டும் இருக்கட்டும். ஆனால் பெயர் தெரியாத பொருள் என்று ஒதுக்க வேண்டாம் அம்மா. தேன்மெழுகே நீள வால் அமிலமும் நீள வால் ஆல்கஹாலும் கைகோத்ததுதான், அதில் முப்பது கார்பன் ஆல்கஹால் நிறைய உண்டு. தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறோமே, அந்த இலை மேல் இருக்கும் மெழுகில் 29 கார்பன் ஆல்கஹால் வகைகள் இருக்கின்றன. இந்தக் குடும்பம் நமக்குப் புதிதில்லை.

நான் முப்பது வருடம் மருந்துக் கடையில் இருந்தேன். பழைய பிரிட்டிஷ் மருந்து நூல் முறையில் எமல்சிஃபையிங் வாக்ஸ் என்று ஒன்று: செட்டோஸ்டெரில் ஆல்கஹால் ஒன்பது பங்கு, சோடியம் லாரில் சல்பேட் ஒரு பங்கு. ஒருவர் கட்டி கொடுப்பார், ஒருவர் பிணைப்பார். செட்டில் மட்டும் வாங்காமல் செட்டோஸ்டெரில் வாங்கு. தனிச் செட்டிலில் செய்த கிரீம் நாளாக ஆகக் கட்டி குறைந்து குருணை தட்டும். பதினாறும் பதினெட்டும் கலந்தால் அந்தத் தொல்லை குறைவு.

இரண்டு பிள்ளைகளின் அம்மா | மே 10, இரவு 8:20

அண்ணாச்சி, சோடியம் லாரில் சல்பேட் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மூத்தவளுக்கு மூன்று வயதில் கரப்பான் (எக்ஸிமா). ஒரு டாக்டர் அக்வஸ் கிரீம் எழுதிக் கொடுத்தார், நானும் குளித்ததும் தினமும் தடவி அப்படியே விட்டேன். முழங்கை மடிப்பு சிவந்து பிள்ளை ராத்திரி முழுக்கச் சொறிந்தாள். நான் தடவத் தடவத்தான் கூடுகிறது என்பது தெரிய நாலு மாதம் ஆனது. பிறகு பார்த்த தோல் மருத்துவர்தான் விளக்கினார், அதில் நீங்கள் சொல்கிற அதே வாக்ஸ் இருக்கிறதாம். 2013-இல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது, கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு இது எரிச்சல் தரலாம் என்று. வெடித்த காலும் திறந்த தோல்தானே? யோசித்துச் செய்யுங்கள் அக்கா.

பேட்டை மருந்தாளர் | மே 10, இரவு 9:30

நீங்கள் சொல்வது சரி அம்மா, என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். வெடிப்புக் கிரீமுக்கு அந்த வாக்ஸ் வேண்டாம். அதன் இடத்தில் செட்டோமாக்ரோகால் எமல்சிஃபையிங் வாக்ஸ் போடலாம். எட்டுப் பங்கு செட்டோஸ்டெரில், இரண்டு பங்கு செட்டோமாக்ரோகால். சல்பேட் கிடையாது. செட்டோமாக்ரோகால் வேறு யாரும் இல்லை, இதே ஆல்கஹாலின் தலையில் எத்திலீன் ஆக்சைடைக் கோத்துத் தண்ணீர் பக்கம் பலமாக்கியது.

100 கிராமுக்கு: டிஸ்டில்டு வாட்டர் 74, தேங்காய் எண்ணெய் 12, அந்த வாக்ஸ் 8, கிளிசரின் 5, பினாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினும் கலந்து வரும் பிரிசர்வேட்டிவ் 1. எண்ணெயும் வாக்ஸும் ஒரு பாத்திரத்தில், தண்ணீரும் கிளிசரினும் இன்னொன்றில், இரண்டையும் வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து 75 டிகிரிக்குக் கொண்டுவா. ஒன்று சூடாகவும் ஒன்று ஆறியும் இருந்தால் மெழுகு அங்கேயே உறைந்து குருணையாகிவிடும், உன் ரவைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சேர்த்து இரண்டு நிமிடம் பிளெண்டர், அப்புறம் கையால் மெதுவாகக் கிண்டிக்கொண்டே இரு. முதலில் பால் மாதிரி இருக்கும். 50-க்குக் கீழே வரும்போது கரண்டி திடீரென்று கனக்கும், அது மெழுகு தண்ணீரைப் பிடித்து அடுக்கடுக்காக உட்காரும் நேரம். 40 பக்கம் வந்ததும் பிரிசர்வேட்டிவ். போர் தண்ணீர் வேண்டாம்.

செட்டோஸ்டெரிலுக்கும் அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும், ஆறாத கால் புண் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக. புண்ணுக்குப் போடக் கூடாது என்று லேபிளில் எழுது.

விக்கிரமசிங்கபுரம் மில் | மே 11, காலை 6:10

நான் நூல் ஆலையிலும் பிறகு துணி வெளுக்கும் இடத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கிரீம் தெரியாது, ஆனால் நீங்கள் பேசுகிற சரக்கு எங்களுக்கு டிரம் டிரம்மாக வந்தது. தறியிலிருந்து இறங்கிய கோரா துணி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு முத்தாக நிற்கும். பருத்தி இழை மேலேயே மெழுகு இருக்கிறது. நனைக்கும் தொட்டியில் ஃபேட்டி ஆல்கஹால் எத்தாக்சிலேட் (இதே ஆல்கஹாலில் எத்திலீன் ஆக்சைடு கோத்தது) கொஞ்சம் விட்டால் அதே சொட்டு விழுந்த நொடியில் உள்ளே போய்விடும். நனையாத துணியில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அதனால் அந்தச் சொட்டு எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு அனுப்புவோம்.

என் மச்சினன் காகித ஆலையில் இருந்தான். அங்கே நீள வால் ஆல்கஹாலையே நுரையை அடக்கப் பயன்படுத்துவார்கள். ஒரே குடும்பத்தில் ஒன்று நுரை எழுப்புகிறது, ஒன்று அடக்குகிறது. பி.வி.சி. பைப் அச்சில் ஒட்டாமல் வரவும், அலுமினியத் தகடு உருட்டும் எண்ணெயிலும்கூட இது போகிறது.

சேரன்மகாதேவி வயல் | மே 11, இரவு 7:50

முப்பது கார்பன் என்று அண்ணாச்சி சொன்னதும் புட்டியை எடுத்துப் பார்த்தேன். உரக்கடையில் ட்ரையகான்டனால் 0.05 சதவீதம் என்று விற்கிறார்கள், பயிர் ஊக்கி. அதுவும் இதே குடும்பமா? பிசானப் பருவ நெல்லுக்கு ஒரு தடவை அடித்தேன்.

பேட்டை மருந்தாளர் | மே 11, இரவு 8:15

அதேதான், முப்பது கார்பன் ஆல்கஹால். குதிரை மசால் தழையைப் போட்ட செடி நன்றாக வளர்ந்ததைப் பார்த்து, 1977-இல் அமெரிக்காவில் அதிலிருந்து பிரித்துக் காட்டினார்கள்.

சேரன்மகாதேவி வயல் | மே 11, இரவு 8:40

அப்படியென்றால் இன்னொன்றும் கேட்கிறேன். குளத்தில் செட்டில் ஆல்கஹாலைத் தூவினால் தண்ணீர் ஆவியாகாது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. கோடையில் பாதித் தண்ணீரை வெயில்தான் குடிக்கிறது. எங்கள் குளத்துக்குப் போட்டுப் பார்க்கலாமா?

குளத்துக்கரை | மே 12, காலை 6:30

பாசனத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செய்தி பொய்யில்லை. செட்டில் ஆல்கஹாலைத் தண்ணீர் மேல் இட்டால் தலை கீழே, வால் மேலே என்று நெருக்கமாக நின்று ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் போர்வை போடும். கனம் சுமார் இரண்டு நானோமீட்டர். ஆஸ்திரேலியாவில் 1950-களில் செய்து பார்த்தார்கள், 1958-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஹெஃப்னர் ஏரியில் பெரிய அளவில் செய்தார்கள். ஆவியாவது குறையத்தான் செய்தது.

காற்றுதான் எதிரி. போர்வையை அப்படியே சுருட்டி ஒரு கரையில் ஒதுக்கிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆனி, ஆடிக் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலையில் போட்டது மதியம் கிழக்குக் கரையில் நுரையாகக் கிடக்கும். மறுபடி மறுபடி போட வேண்டும், கிருமிகளும் அதைத் தின்றுவிடும். அந்தக் காசில் மடையைச் சரிபார்த்து, தூர் வாரி ஆழப்படுத்தினால் அதே தண்ணீர் சிறிய பரப்பில் நிற்கும், ஆவியாவதும் குறையும். ஊர்க்குளத்தில் மீன் இருக்கிறது, மாடு குடிக்கிறது, யாரையும் கேட்காமல் எதையும் கொட்ட வேண்டாம்.

குழந்தை வார்டு செவிலி | மே 12, இரவு 11:20

தலை கீழே, வால் மேலே என்று படித்ததும் எனக்கு என் வேலை நினைவு வந்தது. குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் நுரையீரலில், காற்றுப் பைகளை ஒட்டாமல் வைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதாமல் இருக்கும். மூச்சை விடும்போது காற்றுப் பைகள் ஒட்டிக்கொண்டு மறுபடி திறக்காது. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்வாங்கும், முனகலாக ஒரு சத்தம் வரும். அதற்கு 1990-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் செயற்கை மருந்தில் முக்கியக் கொழுப்போடு இதே ஹெக்ஸாடெக்கனாலும் இருந்தது, அதாவது செட்டில் ஆல்கஹால். அந்தக் கொழுப்பு ஈரத்தின் மேல் சீக்கிரம் பரவ உதவுவதுதான் இதன் வேலை. இப்போது பெரும்பாலும் மாடு, பன்றியின் நுரையீரலிலிருந்து எடுத்ததைத்தான் கொடுக்கிறோம். மேலப்பாளையத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ யாராவது இந்தப் பெயருக்குப் பயந்தால் இதையும் சொல்லுங்கள் தங்கச்சி.

ஆலங்குளம் தம்பி | மே 13, காலை 8:00

அக்கா, ஒன்று விட்டுப்போனது. விற்பனைக்கு வந்துவிட்டால் காஸ்மெடிக்ஸ் விதிகள் 2020-இன்படி தயாரிப்பு உரிமம் வேண்டும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில். உரிமம் உள்ள யூனிட்டில் செய்து வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு, ஆறு பேர் குழுவுக்கு அதுதான் எளிது என்பது என் எண்ணம். முதலில் கேட்டுவிட்டு அப்புறம் டப்பா அச்சடியுங்கள்.

பாளைக்காரி | ஜூன் 2, இரவு 9:15

தாமதத்துக்கு மன்னியுங்கள். அண்ணாச்சி சொன்ன அளவில் மூன்று தடவை செய்தோம். கரண்டி கனக்கும் என்று எழுதியிருந்தீர்களே, மூன்றாவது தடவைதான் அது கையில் பிடிபட்டது. 48 டிகிரி. அதுவரை மோர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, நாலு சுற்றில் தயிராகிவிட்டது. பிள்ளைகளைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினோம்.

ஆறு டப்பாவை மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் பன்னிரண்டு நாள் வைத்தோம், இரண்டை ராத்திரி ஃபிரிட்ஜிலும் பகலில் வெயிலிலும் மாற்றி மாற்றி வைத்தோம். எதுவும் பிரியவில்லை. திசையன்விளை பஸ்ஸில் ஒரு டப்பா போய்த் திரும்பியும் வந்துவிட்டது. சப்ளையரிடம் தாவர மூலம் என்று எழுதி வாங்கினோம், அதன் நகலை மேலப்பாளையம் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். லேபிளில் 'செட்டோஸ்டெரில் ஆல்கஹால் – பாமாயிலிலிருந்து கிடைக்கும் மெழுகு' என்று எழுதப் போகிறோம். உரிமத்துக்கு வியாழக்கிழமை போய்க் கேட்கிறோம், அதுவரை யாருக்கும் விற்கவில்லை.

ஒரே குறை, தேய்க்கும்போது முதலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது, இருபது தேய்ப்புக்குப் பிறகுதான் மறைகிறது. வாக்ஸ் கூடிவிட்டதா அண்ணாச்சி?

பேட்டை மருந்தாளர் | ஜூன் 2, இரவு 9:40

ஆமாம் தாயி, மெழுகு கூடினால் அப்படித்தான் வெளுக்கும். 8 கிராமை 6 ஆக்கு, அந்த இரண்டைத் தண்ணீரில் கூட்டிக்கொள். கட்டி கொஞ்சம் இளகும், ஆனால் பிரியாது.

பாளைக்காரி | ஜூன் 2, இரவு 9:45

சரி அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆறு கிராமில் போட்டுவிட்டு, மறுபடி மாடியில் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.